பழைய காருக்குச் சுருதி சேர்ப்பது எப்படி?

உங்கள் தெருவில் இருபது வயதைத் தாண்டிய கார் ஒன்றாவது நின்றுகொண்டிருக்கும். "இன்னுமா இதை வைத்திருக்கிறார்? பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்கக்கூடாதா?" என்று அக்கம்பக்கத்தார் பேசிக்கொள்வதையும் கேட்டிருப்பீர்கள். வைத்துக்கொள்வதா, போட்டுவிடுவதா என்பது பணத்தைப் பொறுத்த கேள்வி என்று பலர் நினைக்கிறார்கள். இயற்பியல் ஆசிரியனாகிய எனக்கு அது பெரும்பாலும் அளவீட்டைப் பொறுத்த கேள்வியாகவே படுகிறது. அந்தக் கார் இன்று எப்படி நிற்கிறது, எப்படி மூச்சு விடுகிறது, எப்படிச் சூடாகிறது என்பதை அளந்து பார்க்காமல் விடை சொல்ல இயலாது.

எடுத்துக்காட்டுக்கு நம் மண்ணிலேயே பிறந்த கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1999-ஆம் ஆண்டு இறுதியில் ஃபோர்டு ஐகான் என்ற கார் விற்பனைக்கு வந்தது. அதைச் செய்த தொழிற்சாலை மறைமலை நகரில் இருந்தது. அன்று அது காஞ்சிபுரம் மாவட்டம். 2019-இல் மாவட்டம் பிரிந்தபின் செங்கல்பட்டு மாவட்டம். ஐகான் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. 2022-இல் அந்தத் தொழிற்சாலையில் கார் உற்பத்தியே நின்றது. ஆனாலும் காஞ்சிபுரம் வீதிகளில் டி.என். 21 என்ற எண்ணுடன் ஓடும் ஐகான்களை இன்றும் காணலாம். அவற்றுள் ஒன்று என்னுடையது.

விளம்பரத்தில் இதை 'ஜோஷ் மெஷின்' என்றார்கள். விளம்பரத்தை ஒதுக்கிவிட்டு எண்களைப் பார்ப்போம். இதன் 1.6 லிட்டர் பெட்ரோல் இயந்திரத்தின் கொள்ளளவு 1597 கன சென்டிமீட்டர். அது தந்த திறன் ஏறக்குறைய 67 கிலோவாட், அதாவது 90 குதிரைத்திறனுக்குச் சற்று மேல். ஏறத்தாழ அதே கொள்ளளவு கொண்ட (1489 க.செ.மீ.) பழைய அம்பாசடர் இயந்திரம் தந்ததோ 50 குதிரைத்திறன்தான். குடும்பக் கார் ஒன்றுக்கு அந்நாளில் 90 என்பது பெரிய எண்.

இங்கே ஒரு சிறு கணக்கு. இந்த இயந்திரத்தின் உச்ச முறுக்குவிசை, நிமிடத்துக்கு 2500 சுற்றில் ஏறக்குறைய 130 நியூட்டன் மீட்டர். உச்சத் திறனோ 5500 சுற்றில் வருகிறது. ஏன் இந்த வேறுபாடு? திறன் என்பது முறுக்குவிசையைக் கோண வேகத்தால் பெருக்கி வருவது. 2500 சுற்று என்றால் நொடிக்கு 262 ரேடியன். ஆகவே திறன் 34 கிலோவாட். 5500 சுற்றில் கோண வேகம் 576 ரேடியன். 67 கிலோவாட்டை இதனால் வகுத்தால் முறுக்குவிசை 116 நியூட்டன் மீட்டர். அதாவது முறுக்குவிசை சற்றே குறைந்தாலும், சுற்று இரு மடங்குக்கு மேல் ஏறியதால் திறன் இரட்டிப்பாகிறது. காந்தி சாலையில் பட்டுக்கடைகளின் முன்னே ஊர்ந்து செல்லும்போது உங்களுக்கு உதவுவது முறுக்குவிசை. பொன்னேரிக்கரையைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறிய பின்னர்தான் அந்த 90 குதிரைகளுக்கு வேலை.

சுருதி சேர்ப்பது என்றால் என்ன?

'டியூனிங்' என்ற சொல்லைக் கேட்டதும் இளைஞர் பலருக்கு உறுமும் சைலென்சரும் அகன்ற டயரும் நினைவுக்கு வருகின்றன. சத்தம் ஏறினால் திறன் ஏறியதாகப் பொருள் இல்லை. அது காதை ஏமாற்றும் வேலை. மேலும், பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது.

டியூனிங் என்பதை நான் தமிழில் சுருதி சேர்த்தல் என்றே சொல்வேன். பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கும் வீட்டுக்குச் சென்று பாருங்கள். நெசவாளர் நெய்ய உட்காருமுன் பாவு இழைகளைக் கையால் தடவிப் பார்ப்பார். ஆயிரக்கணக்கான இழைகளும் ஒரே இழுவிசையில் இருக்க வேண்டும். ஓரிடம் தளர்ந்தாலும் சேலையில் அது தெரிந்துவிடும். அவர் தறிக்குப் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. இருக்க வேண்டிய நிலைக்குத் திருப்பிக் கொண்டுவருகிறார். பழைய காரிலும் முதல் வேலை அதுதான். இழந்ததை மீட்காமல் இல்லாததைச் சேர்க்கப் போவது வீண் செலவு.

முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்

வேகமான பழைய கார் வாங்கியவர் முதலில் இயந்திர மூடியைத் திறப்பார். நான் சக்கரத்திலிருந்து தொடங்கச் சொல்வேன்.

தேர்த் திருவிழாவில் தேரை நிறுத்துவது எது? சக்கரத்தின் அடியில் கொடுக்கும் முட்டுக்கட்டை. தேரின் எடை 50 டன் என்றும், அது நொடிக்கு அரை மீட்டர் நகர்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 6,250 ஜூல். இப்போது ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 80 கிலோமீட்டரில், அதாவது நொடிக்கு 22.2 மீட்டரில் செல்கிறது. அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 2,47,000 ஜூல்! ஊரே கூடி இழுக்கும் தேரைப்போல் நாற்பது மடங்கு. இத்தனையையும் உங்கள் தந்தையார் ஒரு காலால் மிதித்து நிறுத்துகிறார்.

இந்த ஆற்றல் எங்கே போகிறது? பிரேக் டிஸ்க்கில் வெப்பமாகிறது. முன் டிஸ்க்குகள் இரண்டிலும் சேர்த்து 10 கிலோ இரும்பு இருப்பதாகவும், வெப்பம் முழுதும் அங்கேயே செல்வதாகவும் கொண்டால், ஒரே நிறுத்தத்தில் வெப்பநிலை 50 டிகிரிக்கு மேல் ஏறும். ஏற்காடு மலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் மீண்டும் மீண்டும் மிதித்து இறங்கினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

பழைய காரில் மறைந்திருக்கும் அபாயம் இங்கேதான். பிரேக் ஆயில் என்று நாம் சொல்லும் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. பரவலாகப் பயன்படும் டாட் 3 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு நீர் சேர்ந்துவிட்டால் இந்த வரம்பு 140 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழிகள் தோன்றும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். மிதித்த விசை குமிழியை நசுக்குவதில் போய்விடும், பிரேக் பிடிக்காது. பாஸ்கல் விதி தேர்வுத்தாளுக்கு மட்டும் உரியதன்று. ஈராண்டுக்கு ஒருமுறை இத்திரவத்தை முழுதும் மாற்றுவதற்கு ஆகும் செலவு, அலங்காரச் சைலென்சரின் விலையில் சிறு பங்குதான்.

டயருக்கும் வயது உண்டு. அதன் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்றைத் தேடுங்கள். '2319' என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. குறைவாக ஓடும் பழைய காரில் பள்ளம் தேயாமலே ரப்பர் மூப்படைந்து இறுகிவிடும். பார்வைக்குப் புதிதாகவே தோன்றும். உராய்வுக் குணகம் 0.7 என்றால் 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தபின் கார் நிற்க 36 மீட்டர் வேண்டும். இறுகிய டயரும் மழை ஈரமும் சேர்ந்து அதை 0.4 ஆக்கினால் 63 மீட்டர். இடையில் உள்ள 27 மீட்டரில் ஒரு சைக்கிளோ, பள்ளிப் பிள்ளையோ இருக்கக்கூடும். இதனால்தான் இதை முதலில் வைத்தேன்.

அடுத்து ஷாக் அப்சார்பர். காரின் ஒரு மூலையை இரு கைகளாலும் அழுத்திவிட்டு விடுங்கள். மேலே வந்து ஒருமுறை அசைந்து அடங்கினால் நலம். தொட்டில்போல் மூன்று நான்கு முறை ஆடினால் அதன் உயிர் போயிற்று என்று பொருள். ஒரு மூலையில் 250 கிலோ சுமை, சுருள்வில்லின் மாறிலி மீட்டருக்கு 20,000 நியூட்டன் என்று கொண்டால் அலைவெண் நொடிக்கு 1.4 ஆகும், கணக்கிட்டுப் பாருங்கள். வில் ஆட்டத்தை உண்டாக்குகிறது. ஷாக் அப்சார்பரில் உள்ள எண்ணெய் சிறு துளைகள் வழியே பிதுங்கி அந்த ஆற்றலை வெப்பமாக்கி ஒடுக்குகிறது. நீங்கள் படிக்கும் தடையுறு அலைவு இதுவே. இது கெட்டுப்போனால் பயணம் அசௌகரியம் என்பதோடு முடிவதில்லை. டயர் சாலையைவிட்டுத் துள்ளும் நேரத்தில் அதற்கு உராய்வே கிடையாது.

இயந்திரத்தின் மூச்சு

இப்போது மூடியைத் திறக்கலாம். இந்த இயந்திரத்தின் அமுக்க விகிதம் ஏறக்குறைய 9.5. உள்ளே இழுத்த காற்றையும் பெட்ரோல் ஆவியையும் பிஸ்டன் ஒன்பதரையில் ஒரு பங்காகச் சுருக்குகிறது. வெப்ப மாற்றீடற்ற அமுக்கம் என்று கொண்டால் அழுத்தம் 23 வளிமண்டலத்துக்கு மேல் ஏற வேண்டும். ஒர்க் ஷாப்பில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த இடத்தில் அழுத்தமானியைப் பொருத்தி ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் அதில் பாதியை ஒட்டித்தான் காட்டும். வெப்பம் உருளையின் சுவருக்குப் போய்விடுகிறது. உள்வால்வும் பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பின்னர்தான் முழுதும் மூடுகிறது. பாடநூல் கணக்குக்கும் பட்டறைக் கணக்குக்கும் இவ்வளவு தூரம்!

ஆனால் நமக்கு வேண்டியது அந்த எண் அன்று. நான்கு உருளைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு. எடுத்துக்காட்டாக 12.5, 12.3, 12.4, 10.6 என்று வந்தால் நான்காவது உருளையில் கசிவு இருக்கிறது. எங்கே? ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயிலை அந்த உருளைக்குள் விட்டு மீண்டும் அளப்பார் மெக்கானிக். அழுத்தம் உயர்ந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது. ஆயில் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்ததால்தான் உயர்ந்தது. உயராவிட்டால் குற்றவாளி வால்வு. ஒரு கரண்டி ஆயிலில் இவ்வளவு துப்பறியலாம் என்பது எனக்கு எப்போதுமே வியப்பு. வால்வு என்றால் தேய்த்து உட்காரவைத்துவிடலாம். வளையம் என்றால் இயந்திரத்தையே பிரிக்க வேண்டும். காரை வைத்துக்கொள்வதா என்ற கேள்விக்குப் பாதி விடை இங்கே கிடைத்துவிடுகிறது.

அமுக்க விகிதம் என்றதும் பந்தயக்காரர்கள் நினைவுக்கு வருகிறார்கள். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990 முதல் நம் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூருக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயப் பாதை இருக்கிறது. பந்தயக் காரைக் கூர்மையாக்குவோர் செய்யும் பழைய வித்தை, உருளைத் தலையின் அடிப்பரப்பைச் சீவி அமுக்க விகிதத்தை உயர்த்துவது. ஒரு மில்லிமீட்டர் அளவில் சீவினாலே 9.5 என்பது பத்தரையை எட்டக்கூடும்.

கிடைக்கும் ஆதாயம் என்ன? ஆட்டோ சுழற்சியின் பயனுறுதிறன் வாய்பாட்டில் இவ்விரு எண்களையும் இட்டால் 59.4 சதவீதம் 61 சதவீதம் ஆகிறது. அதாவது இருப்பதில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கே கூடுதல். 90 குதிரைகளோடு இன்னும் இரண்டு குதிரைகள்! இதற்கு ஈடாக, சுருக்கத்தின் வெப்பத்தில் பெட்ரோல் கலவை தானாகவே வெடிக்கும் அபாயம் கூடுகிறது. சுமை ஏறும்போது இயந்திரத்தில் 'கடகட' என்று கேட்கும் உலோக ஒலி அதுதான். நாளடைவில் பிஸ்டனில் ஓட்டை விழும். நொடியில் நூறில் ஒரு பங்கால் பந்தயம் வெல்பவருக்கு அந்த இரண்டு குதிரைகள் வேண்டும். கல்யாணத்துக்குச் சேலை எடுக்கக் குடும்பத்தோடு போகிறவருக்கு வேண்டாம்.

பழைய கார்புரேட்டர் கார்களில் டிஸ்ட்ரிப்யூட்டரைக் கையால் திருகித் தீப்பொறியின் நேரத்தை அமைப்பார்கள். கலவை எரிந்து முடிய இரண்டு மூன்று மில்லி நொடி ஆகும். நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஒரு மில்லி நொடிக்குள் கிராங்க் தண்டு 18 டிகிரி திரும்பிவிடுகிறது. எனவே பிஸ்டன் உச்சியை அடையுமுன்பே பொறி விழ வேண்டும். ஐகானில் இதைக் கணிப்பொறி கவனிக்கிறது. நமக்கு மிஞ்சியது, கையேடு சொல்லும் இடைவெளியில் ஸ்பார்க் பிளக்கை வைப்பதும் காற்று வடிகட்டியைச் சுத்தமாக வைப்பதும்தான்.

கணிப்பொறிக்கு மூக்கு ஒன்று உண்டு. புகைக்குழாயில் பொருத்திய ஆக்சிஜன் உணரி அது. உள்ளே சிர்க்கோனியா என்ற பீங்கான்; ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. இரு பக்கத்து ஆக்சிஜன் அளவும் வேறுபட்டால் மின்னழுத்தம் தோன்றும். வேதியியல் வகுப்பில் வரும் நெர்ன்ஸ்ட் சமன்பாடேதான். பெட்ரோல் மிகுந்தால் 0.9 வோல்ட், காற்று மிகுந்தால் 0.1 வோல்ட் அளவில் காட்டும். எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற விகிதத்தை ஒட்டி, கணிப்பொறி இவ்விரண்டுக்கும் நடுவே ஊசலாடிக்கொண்டே இருக்கும். மூப்படைந்த உணரி மெதுவாக மாறும். கார் அதிகம் குடிக்கும். ரப்பர்க் குழாயில் வெடிப்பு விழுந்து காற்று கசிந்தாலும் இயந்திரம் நின்ற இடத்தில் ஏறி இறங்கி முனகும்.

இதை அறிய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. புகைப் பரிசோதனைச் சான்றிதழை மடித்து வைக்காமல் படியுங்கள். கார்பன் மோனாக்சைடு கூடியிருந்தால் பெட்ரோல் மிகுதி. எரியாத ஹைட்ரோ கார்பன் கூடியிருந்தால் ஏதோ ஓர் உருளை சரியாக எரியவில்லை. மருத்துவரிடம் காட்டும் ரத்தப் பரிசோதனைத் தாளைப் போன்றது அது.

ரேடியேட்டரைப் பற்றி ஒரு சொல். நெடுஞ்சாலையில் ஓடும்போது காற்று தானாகவே மோதிக் குளிர்விக்கிறது. ராஜ வீதிகளில் நெரிசலில் நிற்கும்போது மின்விசிறி ஒன்றே துணை. ரேடியேட்டர் மூடி உள்ளே ஏறக்குறைய ஒரு வளிமண்டலக் கூடுதல் அழுத்தத்தைத் தாங்குவதால் நீர் 120 டிகிரி வரை கொதிப்பதில்லை. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் விழுந்து அத்தனை நீரும் ஒரே கணத்தில் கொதித்து முகத்தில் சீறும். எக்காரணம் கொண்டும் திறவாதீர்கள்.

புதிய எரிபொருளும் பழைய குழாயும்

2025 வாக்கில் நாடெங்கும் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. பழைய கார் வைத்திருப்போர் அச்சப்படுவதில் பாதிக்கு நியாயம் உண்டு. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே. ஆகவே கலவையில் லிட்டருக்கு ஆறு ஏழு சதவீத ஆற்றல் குறைகிறது. இதை எந்த டியூனிங்கும் திருப்பித் தராது. காற்று விகிதத்தை ஆக்சிஜன் உணரி ஓரளவு சரிசெய்துகொள்ளும். ஐகானின் இயந்திர வகையே பிரேசில் நாட்டில் எத்தனால் கலந்த பெட்ரோலில் ஓடியதுதான். இருபதாண்டு மூத்த ரப்பர்க் குழாய்களும் வாஷர்களும்தான் கவலை. எத்தனால் சிலவகை ரப்பரை ஊதவைக்கும், மிருதுவாக்கும்; கசிந்தால் தீ. குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுவதே முறை. மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைப்பதும் நல்லதன்று. எத்தனால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும்.

பதினைந்து ஆண்டு நிறைந்த சொந்தக் காரைப் பரிசோதனைக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை. இதைத் தொல்லை என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. பிரேக்கும் விளக்கும் புகையும் சரியாக இருக்கிறதா என்று யாரேனும் பார்ப்பது நல்லதுதானே என்பது என் கட்சி.

உங்களுக்குப் பதினெட்டு வயது ஆகவில்லை; ஓட்ட வேண்டாம், அளக்கலாம். வீட்டில் உள்ள காருக்கோ ஸ்கூட்டருக்கோ ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஒவ்வொரு முறையும் டாங்கை முழுதும் நிரப்பச் சொல்லி, ஓடிய தூரத்தையும் ஊற்றிய லிட்டரையும் குறியுங்கள். 410 கிலோமீட்டருக்கு 32 லிட்டர் என்றால் லிட்டருக்கு 12.8. ஆனால் 'முழுதும்' என்பதில் அரை லிட்டர் முன்பின் இருக்கும். அது 32-இல் ஒன்றரை சதவீதம். எனவே உண்மை விடை 12.6-க்கும் 13-க்கும் நடுவே எங்கோ இருக்கிறது. பத்து முறை நிரப்பியபின் மொத்தத் தூரத்தை மொத்த லிட்டரால் வகுங்கள். இடையில் அதிகமாக ஊற்றியது அடுத்த முறை குறைவாக ஊற்றியதில் கழிந்துவிடும். முதலிலும் கடைசியிலும் உள்ள பிழை மட்டுமே மிஞ்சும். 320 லிட்டரில் அரை லிட்டர் என்பது ஒன்றரையில் பத்தில் ஒரு பங்குதான்.

இப்போது ஒரு கேள்வி. புதிய ஸ்பார்க் பிளக் போட்டபின் முதல் டாங்கில் மைலேஜ் 12.4-லிருந்து 12.6 ஆனது என்று ஒருவர் சொல்கிறார். பிளக்கால்தான் ஏறியது என்று அவர் சொல்வதை ஏற்பீர்களா? அதை உறுதிசெய்ய அவர் இன்னும் எத்தனை டாங்க் பெட்ரோல் ஊற்றிப் பார்க்க வேண்டும்?